பதிவேட்டில் ஓர் ஓம்

"கும்பகோணமா?" என்று நடத்துநர் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அவர் டிக்கெட் கிழிக்காமல் என்னைப் பார்த்தார். "சாமி பேரெல்லாம் அப்பறம் சொல்லிக்கலாம்மா. கும்பகோணமா, நடுவுல எறங்குறீங்களா?"

பின் இருக்கையில் இருந்த பெண் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, "கும்பகோணந்தான்" என்றேன். தஞ்சாவூரில் பேருந்து ஏறி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

எங்கள் ஊர் மன்னார். அங்கே 'ஓம்' என்றால் 'ஆமாம்'. இலங்கைத் தமிழர் ஒரு நாளில் நூறு முறை சொல்லும் சொல் அது. கடலுக்கு அந்தப் பக்கம் சம்மதம், இந்தப் பக்கம் மந்திரம். குறிப்புப் புத்தகத்தில் 'இங்கே வாயில் வரக் கூடாதவை' என்று தலைப்புப் போட்டு அதை முதல் வரியாக எழுதினேன். நான் நீர்ப்பாசன வேலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். வரிசை எண் போடாமல் எனக்கு எதுவும் நினைவில் நிற்காது. கும்பகோணம் வருவதற்குள் இரண்டாவதும் சேர்ந்தது. 'பிளேன்டீ' கேட்டால் எங்கள் ஊரில் பால் இல்லாத தேநீர் வரும். இங்கே நிறையப் பாலோடு, மசாலா இல்லாமல் வந்தது. "நீங்கதான பிளெயினா கேட்டீங்க?" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதும் சரிதான்.

அன்று காலை தஞ்சாவூரில் ஒன்றரை மணி நேரம் கையில் இருந்ததால் பெரிய கோயிலுக்குப் போயிருந்தேன். ஈழத்து ஊர்கள் சில இந்தக் கோயிலுக்கு நெல் கொடுக்க வேண்டும் என்று இங்கே கல்வெட்டு இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் படித்த நினைவு. எந்தச் சுவரில் என்று காவலாளியிடம் கேட்டேன். "செவுரு பூரா எழுத்துதாம்மா. உங்க ஊரு எங்க இருக்குன்னு பாத்துக்கங்க" என்றார். ஆயிரம் வருடங்களுக்கு முன் இங்கிருந்து எங்கள் பக்கம் படை வந்தது. என் அப்பாவும் அம்மாவும் அதே கடலை எதிர்த்திசையில் ஒரு தகரப் பெட்டியோடு கடந்தார்கள்.

நான் வந்தது ஒரே ஒரு காகிதத்துக்காக. அக்கா ஜெசிந்தாவின் பிறப்புச் சான்றிதழ்.

தொண்ணூறாம் ஆண்டின் கடைசியில், போர் மன்னாரை நெருக்கியபோது, அப்பாவும் அம்மாவும் படகேறி மண்டபம் அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். அம்மாவுக்கு அப்போது ஏழு மாதம். அப்பா இயந்திரம் திருத்துபவர். அது தெரிந்து, வலங்கைமானைத் தாண்டி ஒரு சிறிய ஊரில் அரிசி மில் வைத்திருந்த ஒருவர் அனுமதி வாங்கி இருவரையும் அழைத்துப்போனார். மில்லை ஒட்டிய அறையில் அக்கா பிறந்தாள். பிறப்பைப் பதிந்தார்கள். நகல் வாங்குவதற்குள் ஊர் திரும்பும் கப்பல் புறப்படுவதாகச் செய்தி வந்தது, ஏறிவிட்டார்கள்.

நான் சில வருடம் கழித்து மன்னார் ஆஸ்பத்திரியில் பிறந்தேன். அதனால் எனக்குக் குடியுரிமை, அடையாள அட்டை, கடவுச்சீட்டு எல்லாம் இருக்கின்றன. அக்காவுக்கு எதுவும் இல்லை. இந்தியாவில் பிறந்ததைக் காட்டினால்தான் அவள் இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றை வாங்க இந்தியா வரவேண்டும், வருவதற்குக் கடவுச்சீட்டு வேண்டும், கடவுச்சீட்டுக்குக் குடியுரிமை வேண்டும். இந்த வட்டத்தை ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். அதிலிருந்து வெளியே போன ஒரே கோடு நான்தான்.

ஒன்பது வருடமாக முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள் அக்கா. இப்போது நிரந்தரமாக்கப் போகிறார்கள். மாத முடிவுக்குள் குடியுரிமைக்கு விண்ணப்பித்த அத்தாட்சியையாவது காட்டவேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் இன்னொருவருக்கு. எனக்குக் கிடைத்த விடுமுறை ஒரு வாரம்.

கிளம்பும்போது அம்மா இன்னொரு வேலையும் தந்தார். மில் வீட்டுக்கு ஒரு செய்தி. "எழுதிக் கொண்டு போகாத. வாயால சொல்லு" என்றார். அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் நாள் காலை கும்பகோணத்தில் இட்லி. இலையில் சாம்பார் ஊற்றியவர் நிறுத்துவதாகத் தெரியவில்லை. "காணும்" என்றேன். எங்கள் ஊரில் அதற்குப் 'போதும்' என்று பொருள்.

"எதைக் காணோம்?" என்று அவர் இலையைக் குனிந்து பார்த்தார். "வடையா? இந்தா வருதும்மா."

வடை வந்தது. மூன்றாவது வரியை எழுதிக்கொண்டேன்.

வலங்கைமான் கடைத்தெருவில் வரிசையாகப் பட்டாசுக் கடைகள். பேருந்து நின்றிருந்தபோது பின்பக்கம் எங்கோ ஒன்று வெடித்தது. என் தலை தானாகக் குனிந்தது. நிமிர்ந்தபோது பேருந்தில் வேறு ஒருவரும் அசைந்திருக்கவில்லை. எதிரில் ஒரு பெண் தொடர்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர், "வாங்குறவங்க ஒண்ணு போட்டுப் பாப்பாங்க. பயந்துட்டீங்களா?" என்றார். வெடிச் சத்தத்துக்கு வளையாத அத்தனை முதுகுகளை நான் அதுவரை ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

தாலுகா அலுவலகம் எந்த ஊரில் என்று எழுத மாட்டேன். அங்கே அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறேன். வராந்தா முழுவதும் மேசைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை ஜமாபந்தி தொடங்குகிறதாம். வருடத்துக்கு ஒருமுறை எல்லாக் கிராமக் கணக்குகளையும் கொண்டுவந்து சரிபார்க்கும் வேலை அது. "அது முடியற வரைக்கும் நீங்க என்னைப் பாக்கலாம், நான் உங்களைப் பாக்க முடியாது" என்றார் பதிவறையைக் கவனிக்கும் மனோகரன். ஐம்பது வயதிருக்கும். காதில் பேனா.

நான் கிராமம், வருடம், பெற்றோர் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததும் அவருக்கு என்னைப் பிடித்துவிட்டது. "இப்படி எழுதிக் கொண்டாந்தா நானே தேடி எடுத்துருவேன்" என்று உள்ளே போனார். ஒரு மணி நேரத்தில் தலையில் தூசியோடு ஒரு பதிவேட்டைத் தூக்கிவந்தார்.

"கெடைச்சிருச்சு. ஆனா உங்க அக்கா பேரு ஜெசிந்தா இல்லையே."

விரல் வைத்துக் காட்டினார். பெண் குழந்தை. தந்தை அந்தோணி. தாய் ஸ்டெல்லா. மதம் என்ற இடத்தில் 'கிறிஸ்தவம்' என்று எழுதி, அடித்து, மேலே 'இந்து' என்று எழுதியிருந்தது. தகவல் தந்தவர் அப்துல் ரஹீம், அரிசி மில். குழந்தையின் பெயர்: ஓம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காட்சி அப்படியே தெரிந்தது. யாரோ கேட்டிருக்கிறார்கள், 'பேர் வெச்சாச்சா?' அம்மா சொல்லியிருக்கிறார், 'ஓம்.'

"ஒரே வரியில மூணு மதமும் வந்துருச்சு பாருங்க. கண்ணாடி போட்டு மாட்டி வைக்கலாம்" என்றார் மனோகரன்.

துணை வட்டாட்சியர் தமிழரசியின் மேசைக்குப் போனபோது என் சிரிப்பு அடங்கிவிட்டது. நாற்பது வயதுக்காரர், நிதானமாகப் பேசுபவர். நான் 'மிஸ்' என்று தொடங்க, மனோகரன் "மேடம்னு சொல்லுங்க, மிஸ்ஸுன்னா டீச்சரு" என்று காதருகே சொன்னார்.

"பேரை மாத்த முடியாதும்மா. தப்பு இருந்தா திருத்தலாம். ரெண்டும் வேற வேற" என்றார் தமிழரசி.

"தப்புத்தான், மேடம். எங்கட ஊரில ஓம் எண்டா ஆமாம்."

"ஓம்னு பேரு வைக்க மாட்டாங்களா?" இது மனோகரன். "எங்க தெருவுலயே ஓம்சக்தின்னு ஒரு பொண்ணு இருக்கு, மேடம். நர்சிங் படிக்குது."

அக்காவின் ஞானஸ்நானச் சான்றிதழை நீட்டினேன். தமிழரசி தேதியைப் பார்த்தார். "இது நீங்க ஊருக்குப் போன பிறகு கொடுத்தது. இங்க ஒரு பேரு வெச்சு, அங்க போயி வேற பேரு வெச்சாங்கன்னு ஒருத்தர் சொன்னா நான் என்ன பதில் சொல்றது? அப்ப கூட இருந்தவங்க யாராவது வந்து சொல்லணும். தகவல் சொன்னவரு இருக்காரா பாருங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வாங்க."

நான் எழும்போது அவர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி மற்ற வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க தெருவுல பொறந்த புள்ளைங்களுக்கு இதுல பேரே இருக்காது தெரியுமா? எங்க அப்பா அம்மாவெல்லாம் நடவு, அறுப்புன்னு போறவங்க. எங்களைப் பேரு கேட்டு எழுத யாருக்கும் நேரம் இல்ல. ஆண், பெண், அவ்வளவுதான். உங்க அக்காவுக்கு ஒரு பேராவது எழுதியிருக்காங்க." கசப்பாகச் சொல்லவில்லை. இப்போது அந்தப் பதிவேட்டைத் திருத்தும் பேனா அவர் கையில் இருக்கிறது.

மூன்றாம் நாள் மில்லைத் தேடிக் கிளம்பினேன். பேருந்து நிலையத்தில் உதவிக்கு வந்த ஒரு பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். மன்னார் என்றேன். "அடடா, அந்தா நிக்குது பாருங்க, ஓடுங்க" என்று என் பையை அவரே தூக்கிப்போட்டு ஏற்றிவிட்டார். நான்கு கிலோமீட்டர் போன பிறகுதான் அது மன்னார்குடிப் பேருந்து என்று தெரிந்தது. இறங்கித் திரும்பி, சிற்றுந்து பிடித்து, பாலம் தோண்டிப் போட்டிருந்த இடத்தில் அதுவும் நின்றுவிட, மீதித் தூரம் வாய்க்கால் கரையில் நடந்தேன். நடந்தது நல்லதாகப் போயிற்று. எங்களுக்கு நீர் என்றால் குளம். இருப்பு கண்ணுக்குத் தெரியும், இத்தனை ஏக்கருக்குப் போதும் என்று அளந்து சொல்லலாம். இங்கே வாய்க்கால் காய்ந்து கிடக்க, பக்கத்து வயலில் ஒருவர் குறுவைக்கு நாற்றங்காலைச் சமன் செய்துகொண்டிருந்தார். தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டேன். "தொறந்துட்டாங்க. வந்துகிட்டு இருக்கு" என்றார். எங்கோ நூறு மைல் தள்ளி இருக்கும் நீரை நம்பி நிலத்தைச் சமன் செய்கிறார்கள்.

மில் இப்போது அரிசி மில் இல்லை. நெல் அறுக்கும் இயந்திரங்களை வாடகைக்கு விடும் கொட்டகை. வாசலில் அறுபது வயது கடந்த ஓர் அம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டபடி கைபேசியில் யாரையோ விளாசிக்கொண்டிருந்தார். "பெல்ட்டு அந்து போனா போன் பண்ணணும், கல்யாணத்துக்கா போவாங்க?" வைத்துவிட்டு என் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தார். "என்ன, கணக்கெடுப்பா? போன மாசந்தான் வந்து எடுத்துட்டுப் போனாங்க."

"நான் ஸ்டெல்லாவின்ர மகள்."

"எந்த ஸ்டெல்லா?" பிறகு அவர் குரல் மாறியது. "மெக்கானிக்கு அந்தோணி ஸ்டெல்லாவா? அந்தப் புள்ளையா நீ?"

"இல்லை, அது அக்கா. நான் பிறகு பிறந்தனான்."

"பொறந்தனான்!" என்று கைகொட்டினார். "அதே பேச்சு. உள்ள வா. உன் பேரு என்ன?"

"மெர்லின்."

"அத யாராச்சும் ஒழுங்கா எழுதினாங்களா?"

இவர் நூர்ஜஹான். பதிவேட்டில் உள்ள அப்துல் ரஹீமின் மனைவி. "அவரு மவுத்தாகி ஆறு வருஷம் ஆச்சு" என்றார். என் அப்பாவும் இல்லை, போரின் கடைசி இடப்பெயர்வின்போது போய்விட்டார் என்றேன். அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். பிறகு இடியாப்பம் வந்தது, கூடவே தேங்காய்ப்பாலில் மஞ்சள் நிறத்தில் ஒன்று.

"சொதி" என்றேன்.

"ஒங்கம்மா வெச்ச பேருதான். இந்தத் தெருவுல இத யாருக்கும் தெரியாது, எங்க வீட்டுக்கு வந்தாத்தான் சொதி."

பெயர்க் கதையைக் கேட்டேன். அவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். ஊர்க் கணக்கு எழுதுபவர் ஒருநாள் தன் நெல்லை அரைக்க மில்லுக்கு வந்திருக்கிறார். மூட்டை முடியும்வரை சும்மா இருப்பானேன் என்று அங்கேயே தவிட்டு மூட்டைமேல் பதிவேட்டை விரித்துக்கொண்டார். இயந்திரம் ஓடுகிற சத்தம். அறை வாசலைப் பார்த்து, "புள்ளைக்குப் பேரு வெச்சாச்சா?" என்று கத்தினார். உள்ளேயிருந்து அம்மா கத்தினார், "ஓம்!"

"'பாய், கிறிஸ்தவங்கன்னு சொன்னீங்க, ஓம்னு பேரு வெச்சிருக்காங்க'ன்னு எங்க வீட்டுக்காரருகிட்ட கேட்டாரு. இவருக்கு ஒரு எழவும் காதுல விழல, தலைய ஆட்டிட்டு கையெழுத்துப் போட்டுட்டாரு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். எனக்கு அப்ப தெரியும் ஓம்னா என்னன்னு. ஆறு மாசமா எங்க வீட்ல எல்லாரும் வெளையாட்டுக்கு ஓம் ஓம்னுதான் பேசிட்டுத் திரிஞ்சோம். அந்த ஆளு வெளையாட்டுக்குக் கேக்குறாருன்னு நெனச்சேன், அதையே எழுதிட்டாரா? அட ஆண்டவனே!"

எனக்கு வேண்டிய சாட்சி அதுதான். பையில் வாக்குமூலத் தாள் இருந்தது. வரும் வழியில் வரிசை போட்டிருந்தேன். ஒன்று, கையெழுத்து. இரண்டு, அம்மாவின் செய்தி. சொதியைக் குடித்து முடித்தபோது அந்த வரிசை தவறாகத் தெரிந்தது. இரண்டாவதை முதலில் சொன்னேன்.

அம்மா படகேறுவதற்குச் சில வாரம் முன்பு, வடக்கில் இருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் ஆயுதம் வைத்திருந்த தமிழர்கள் வெளியேற்றினார்கள். மன்னாரிலும்தான். எங்கள் ஒழுங்கையில், அதாவது எங்கள் சந்தில், ஆறு முஸ்லிம் வீடுகள். அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவதை அம்மா எங்கள் வாசல் படலையில் நின்று பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை, அம்மாவும் திறக்கவில்லை. பிறகு அம்மாவே அகதியாகி, ஒரு முஸ்லிம் வீட்டில் வந்து தங்கினார். வந்த முதல் வாரம் நூர்ஜஹான் கேட்டிருக்கிறார், "ஒங்க ஊர்ல எங்க ஆளுங்க இருக்காங்களா?" உண்மையைச் சொன்னால் அறை போய்விடும் என்று பயந்து, ஏழு மாத வயிற்றோடு அம்மா சொன்னார், "ஓம்."

"அண்டைக்கு அவ கேட்டபோது நான் பொய் சொன்னனான் எண்டு சொல்லு" என்பதுதான் அம்மாவின் செய்தி.

நூர்ஜஹான் என் தட்டை எடுத்தார். கழுவும் இடத்தில் வைத்தார். குழாயைத் திறக்கவில்லை.

"பேப்பர்ல வந்துச்சு" என்றார் அங்கிருந்தே. "இவரு படிச்சுக் காமிச்சாரு. நான் நம்பல. 'ஸ்டெல்லாகிட்ட கேட்டுட்டேன், அங்கதான் இருக்காங்களாம், பேப்பர்காரன் பொய் எழுதுறான்'னு சண்டை போட்டேன். ரெண்டு நாளு அவரோட பேசல. அதுக்கப்பறம் அவரு அந்தப் பேச்சையே எடுக்கல. கடைசி வரைக்கும் எடுக்கல."

பிறகு அவர் கண் என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தாளுக்குப் போனது.

"கையெழுத்து வேணுமாக்கும்?"

"ஓம்" என்றேன். அந்தச் சொல்லை அதுவரை அவ்வளவு சிரமப்பட்டுச் சொன்னதில்லை.

"அவரு இல்லாட்டியும் அவருகிட்ட நான் மொதல்ல பேசணும் புள்ள. நீ கெளம்பு. பஸ்ஸு போயிரும்."

தாள் வெறுமையாகத் திரும்பியது. அன்று மாலை அக்காவிடம் கைபேசியில் நடந்ததைச் சொன்னேன். "கையெழுத்தை வாங்கிப்போட்டுச் சொல்லியிருக்கலாம்தானே?" என்றாள். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. சற்றுக் கழித்து அவளே, "இல்லை. அப்பிடிச் செய்திருந்தா நாங்களும் அதையே செய்த மாதிரி. விடு" என்றாள். "என்ர வகுப்பில இப்ப ஏழு முஸ்லிம் பிள்ளையள், மெர்லின். நாளைக்கு அதுகளின்ர முகத்தைப் பார்க்கவேணும்தானே."

நான்காம் நாள் எனக்குச் செய்ய வேலை இல்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. மில்லுக்கு மீண்டும் போய்க் கேட்பது சரியாகப் படவில்லை. குடமுருட்டிப் பாலத்துக்குப் போய் நின்றேன். தண்ணீர் அன்று வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

பத்து மணிவாக்கில் வந்தது. வெள்ளமாக வரவில்லை. மணலை நனைத்துக்கொண்டு, குப்பையைத் தள்ளிக்கொண்டு, ஓர் ஆள் நடக்கும் வேகத்தில் வந்தது. பாலத்தில் இருபது பேர் இருந்தார்கள். சிலர் பூவும் நெல்லும் தூவினார்கள். ஒரு பெண் கைபேசியில் கணவருக்குக் காட்டினாள். அவர் சவுதியில் இருக்கிறாராம். "தெரியுதாங்க? நல்லா பாருங்க. நம்ம வாய்க்கா தலைப்புக்கு நாளைக்கு வந்துரும்." தொழில் புத்தியில் வேகத்தை மணிக்கட்டுக் கடிகாரத்தில் அளந்து குறித்துக்கொண்டேன்.

தேநீர்க் கடைக்காரர், "இது சண்டை போட்டு வாங்குன தண்ணிம்மா" என்றார்.

"ஆரோட?"

"மேல கர்நாடகாவோட. எத்தினி வருஷமா! நடுவுல அடிதடி கூட நடந்துச்சு, நம்ம ஆளுங்க அங்கேருந்து ஓடி வந்தாங்க. கடைசில கோர்ட்டு, கமிட்டின்னு தாள்லதான் வந்து நிக்குது. இப்பவும் முணுமுணுப்பு இருக்கு. ஆனா தண்ணி வருது பாருங்க."

எங்களிடம் இரண்டு தலைமுறை எல்லாவற்றுக்கும் ஆயுதம்தான் என்றிருந்தது. சலிப்பூட்டும் ஒரு வழக்கு, முடிவில்லாத ஒரு கமிட்டி, ஏற்க மனமில்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரு தீர்ப்பு. பாலத்தின் கட்டையில் சாய்ந்துகொண்டு, இவை எங்களுக்கும் வாய்த்திருக்கலாம் என்று நினைத்தேன். இனியாவது வாய்க்கட்டும்.

ஐந்தாம் நாள், வெள்ளி. பத்து மணிக்கே தாலுகா அலுவலகத்துக்குப் போய்விட்டேன். கையெழுத்து இல்லாமல் என்ன செய்யலாம் என்று நான்கு வழி எழுதிவைத்திருந்தேன். நான்குமே பலவீனமானவை என்று எனக்கே தெரியும். பதினொன்றானது. பன்னிரண்டரையானது. மனோகரன் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, "புளிசாதம், எடுத்துக்கங்க" என்று மூடியில் பாதியைத் தள்ளினார். எங்கள் ஊரில் இது கிடையாது என்றேன். "அப்ப ஜெசிந்தாவோ ஓமோ, ரெண்டு பேருக்கும் சேத்து நீங்களே சாப்பிடுங்க."

வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. நூர்ஜஹான் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு இறங்கினார். என்னைப் பார்த்தும் பார்க்காதவர்போல நேராகத் தமிழரசியின் மேசைக்குப் போனார்.

"நாந்தான் ரஹீம் பாய் சம்சாரம். கையெழுத்து அவருது. அன்னிக்குக் கண்ணால பாத்தவ நானு. அந்தப் பொண்ணு சொன்னது ஆமான்னு, பேரு இல்ல. எழுதிக்குங்க."

தமிழரசி எழுதிக்கொண்டார். படித்துக் காட்டினார். நூர்ஜஹான் கையெழுத்துப் போட்டார்.

"அம்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்று தமிழரசி என் கைபேசியை வாங்கி, சத்தமாகக் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். மன்னாரில் மணி அடித்தது. அம்மா எடுத்தார்.

"நான் தாலுகா ஆபீஸ்லேருந்து பேசறேன். நல்லா கேக்குதாம்மா?"

"ஓம்."

"ஸ்டெல்லாங்கறது நீங்கதானே?"

"ஓம், மிஸ்."

"மூத்த பொண்ணு இங்கதான் பொறந்துச்சா?"

"ஓம் ஓம்."

"பதிய வந்தப்ப அதுக்குப் பேரு வெச்சிருந்தீங்களா?"

"ஓம், வச்சிருந்தனாங்கள். மரிய ஜெசிந்தா."

தமிழரசி நிமிர்ந்தார். "மனோகரன் சார், எத்தினி ஆச்சு?"

"அஞ்சு, மேடம்" என்றார் மனோகரன். "பேரா இருந்தா இத்தினி தடவ யாரும் தன் பொண்ணக் கூப்பிட மாட்டாங்க."

பதிவேட்டின் ஓரத்தில் தமிழரசி பச்சை மையில் எழுதத் தொடங்கினார். தலைகீழாகவே படித்தேன். 'ஓம் என்பது குழந்தையின் பெயரன்று. ஆம் என்று பொருள்படும் இலங்கை வழக்குச் சொல்.' அடுத்து மதத்தையும் திருத்தினார்.

"அப்ப ரெண்டு மதமாக் கொறஞ்சு போச்சே, மேடம்" என்றார் மனோகரன்.

"மூணாவது மதத்துக்குக் கையெழுத்து நான் போடுறேன். நீங்க போயி சான்றிதழ் தாளை எடுத்துட்டு வாங்க."

அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. "மிஸ், சரிவந்திட்டுதோ?" என்று அம்மாவின் குரல் மேசையிலிருந்து கேட்டது. நூர்ஜஹான் கைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஸ்டெல்லா. நாந்தான்."

மெல்ல, "அக்கா" என்றார் அம்மா.

"அழுவாத. ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு. ஒங்க ஊர்ல எங்க ஆளுங்க இருக்காங்களா?"

தமிழரசியின் பேனா நின்றது.

"ஓம், அக்கா" என்றார் அம்மா. "இப்ப இருக்கினம். எல்லாரும் வரேல்லை."

"யாரு யாரு வந்துருக்காங்க? சொல்லு."

அம்மா சொல்லத் தொடங்கினார். எங்கள் ஒழுங்கையின் கடற்கரைப் பக்கத்திலிருந்து, ஒரு வீடும் விடாமல், வரிசையாக. சரீபா வீடு வந்திட்டுது, ஓடு மாத்தி இருக்கினம். மீரான் நானா மௌத்து, மகன் வந்திட்டான், கடை போட்டிருக்கிறான். தையல்கார வீடு இன்னும் புத்தளத்தில, பெருநாளைக்கு வந்து வீட்டு வளவைத் துப்புரவாக்கிப்போட்டுப் போவினம். வரிசை போடும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது.

மனோகரன் சான்றிதழ் தாளோடு வந்து, பேசாமல் ஓரமாக நின்றார். தமிழரசி தன்னைப் பார்க்க வந்த மற்றவர்களைக் கையசைத்து வெளியே இருக்கச் சொன்னார். ஒவ்வொரு வீட்டுக்கும் நூர்ஜஹான் "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான்காவது வீட்டுக்கு வந்தபோது அவர் வாயில் அது "ஓம்" ஆகியிருந்தது.